யாருக்குக் கணக்கு ஒப்புவித்தார்களோ, அங்கே ஏடு: தரங்கம்பாடி புது எருசலேம் ஆலய ஆவணங்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

தரங்கம்பாடி நகர வாயிலைத் தாண்டி இராஜ வீதியில் கடலை நோக்கி நடந்தால் இரண்டு பழைய புரொட்டஸ்டன்ட் ஆலயங்கள் வரும். ஒன்று சீயோன் ஆலயம். 1701இல் இங்கே குடியேற்றம் வைத்திருந்த டேனியர் (டென்மார்க் நாட்டார்) தங்களுக்காகக் கட்டியது, இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. மற்றொன்று புது எருசலேம் ஆலயம். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரையும் மகுடமும் 1718 என்ற ஆண்டும் இருக்கும். இது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. ஒரே வீதி, ஒரே காலம். ஆனால் ஆவணங்கள் போன வழி வேறு வேறு.

முன்னோரின் ஞானஸ்நானப் பதிவைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் புது எருசலேம் ஆலயத்து ஐயரிடம்தான் முதலில் போய் நிற்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டு ஏடு அங்கே கிடைக்காதபோது, செல்லரித்துப் போயிருக்கும், கடல் கொண்டுபோயிருக்கும், வெள்ளைக்காரன் எடுத்துப் போயிருப்பான் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்லித் திரும்பிவிடுகிறார்கள். இவற்றில் எதையும் முதலிலேயே நம்பத் தேவையில்லை. மிஷன் காலத்து எழுத்து, எழுதப்பட்ட ஊரில் தங்குவதற்காக எழுதப்பட்டதல்ல. சம்பளம் கொடுத்த மேலிடத்துக்குக் கணக்கு ஒப்புவிக்க எழுதப்பட்டது. ஆகவே "இந்த ஆலயத்தின் ஏடு எங்கே?" என்று கேட்பதைவிட "அந்த ஆண்டில் இங்கிருந்த போதகர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது?" என்று கேட்டால் தேடல் விரைவில் முடியும்.

ஆண்டுகளை முதலில் நிறுத்திக்கொள்வோம். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரிகள் பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளூட்சாவ் இருவரும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். 1707 மே 12இல் டேனிய எஜமானர்களிடம் அடிமைகளாக இருந்த ஐந்து பேருக்கு சீயோன் ஆலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 14இல் முதல் எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை ஆனது. அந்தக் கட்டடம் கடலோடு போய்விட்டது. இப்போது நிற்கும் புது எருசலேம் ஆலயத்துக்கு 1717 பிப்ரவரி 9இல் அடிக்கல் நாட்டி, 1718 அக்டோபர் 11இல் பிரதிஷ்டை செய்தார்கள். அது செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமையை விட்டுச் செவ்வாய் ஏன் என்றால், அக்டோபர் 11 அரசரின் பிறந்த நாள். சீகன்பால்க் 1719 பிப்ரவரி 23இலும், அவருடைய தோழர் யோவான் எர்ன்ஸ்ட் கிரண்ட்லர் 1720 மார்ச் 19இலும் இறந்து இந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

ஆகவே 1707 மே மாதத்து ஐந்து பேரை எருசலேம் ஆலயத்தின் பதிவாகத் தேடுவது வீண். அன்று அந்த ஆலயமே இல்லை. 1707 ஆகஸ்டு முதல் 1718 அக்டோபர் வரையிலான பதிவுகளும் இப்போதுள்ள கட்டடத்தைச் சேர்ந்தவை அல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் இந்த இரு கட்டடங்களும் எழுத்துகளில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

மூன்று மேலிடங்கள்

இந்த மிஷனுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒன்றுக்கு மூன்று மேலிடம். அனுப்பியவர் டென்மார்க் அரசர்; அவர் சார்பில் மேற்பார்வை பார்க்க 1714இல் கோபன்ஹேகனில் மிஷன் கல்லூரி என்ற குழு அமைந்தது. ஆள் தேர்ந்தெடுத்து அனுப்பியதும் காணிக்கை திரட்டியதும் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நடத்திய நிறுவனங்கள். அச்சு இயந்திரமும் பணமும் கொடுத்தது லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம்; நம் ஊரில் எஸ்.பி.சி.கே. என்றே சொல்வார்கள். மூவருக்கும் தனித்தனியே கடிதம் போனது. கப்பல் மூழ்கலாம், பிடிபடலாம் என்பதால் ஒரே கடிதத்தைப் படியெடுத்து வேறு வேறு கப்பலில் அனுப்புவதும் வழக்கம். அந்தப் பயம் வெறும் பயமில்லை: எஸ்.பி.சி.கே. அனுப்பிய அச்சு இயந்திரம் ஏறிய கப்பலைப் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள்; கூட வந்த அச்சர் வழியிலேயே இறந்தார்; இயந்திரம் மட்டும் 1712இல் வந்து சேர்ந்தது.

இதன் பலன் இன்று நமக்கு. தரங்கம்பாடியில் அழிந்த தாளுக்கு ஹாலேயில் ஒரு படி இருக்கலாம். ஹாலேயில் இல்லாதது கோபன்ஹேகன் தேசிய ஆவணக் காப்பகத்தில் மிஷன் கல்லூரிக் கட்டில் இருக்கலாம். எஸ்.பி.சி.கே. ஆவணங்கள் இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. மூன்றும் ஒரே செய்தியைச் சொல்லும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. 1708 இறுதியில் டேனியத் தளபதி ஹாசியஸ் சீகன்பால்க்கைக் கோட்டைக்குள் நான்கு மாதம் சிறை வைத்தார். மிஷனரியின் கடிதத்தில் அது பாடுபடுதல்; ஊரை ஆண்ட டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கண்ணில் அது ஒழுங்கு நடவடிக்கை. ஒரு பக்கத்தை மட்டும் வாசித்து எழுதிய சபை வரலாறுகள் நிறைய உண்டு.

ஹாலேக்குப் போன கடிதங்களும் நாட்குறிப்புகளும் 1710 முதல் 'ஹாலே அறிக்கைகள்' என்று தொடராக அச்சாயின. 1772 வரை முதல் வரிசை, 1776 முதல் 1848 வரை புதிய வரிசை. ஆண்டுதோறும் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், எத்தனை திருமணம், எத்தனை அடக்கம் என்ற எண்ணிக்கைக்கு இவை நல்ல ஆதாரம். ஆனால் இவை காணிக்கை கொடுத்தவர்கள் படிப்பதற்காகப் பதிப்பிக்கப்பட்டவை. மிஷனரிகளுக்குள் நடந்த சண்டை, பணத் தகராறு, உள்ளூர்ச் சமயங்களைப் பற்றிய நீண்ட விவரம் ஆகியவற்றில் பலவற்றைப் பதிப்பாசிரியர்கள் வெட்டினார்கள். சீகன்பால்க் 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு அச்சேறியதே 1867இல், சென்னையில். எனவே அச்சு அறிக்கையைத் திறவுகோலாக வைத்துக்கொண்டு கையெழுத்துப் படியைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான் சரியான முறை. இன்னொன்றும் உண்டு. சீகன்பால்க் வந்த கடற்பயணமே ஏழு மாதத்துக்கு மேல் பிடித்தது. கடிதம் போய்ச் சேர்ந்து, பதிப்பாகி வெளிவருவதற்குள் ஓரிரு ஆண்டு கடந்துவிடும். அறிக்கையின் தலைப்புப் பக்கத்திலுள்ள ஆண்டை நிகழ்ச்சி நடந்த ஆண்டாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நேரும் பிழை.

கைமாறிய காலங்கள்

1801–02இலும் மறுபடி 1808 முதல் 1815 வரையிலும் ஆங்கிலேயர் தரங்கம்பாடியைப் பிடித்து வைத்திருந்தார்கள். டென்மார்க்கிலிருந்து வரவேண்டிய பணம் தடைப்பட்டது, கடிதமும் குறைந்தது. இந்த ஆண்டுகளில் பதிவு மெலிந்திருந்தால் அதற்குக் காரணம் கரையான் அல்ல. அடுத்து 1820இல் உள்நாட்டுச் சபைகள் பல தஞ்சாவூரிலிருந்த ஆங்கில மிஷன் பொறுப்புக்கு மாறின. ஆகவே மாயவரம் பக்கத்து ஒரு கிராமக் குடும்பம் 1819 வரை தரங்கம்பாடிக் கணக்கிலும் அதன்பின் தஞ்சாவூர்க் கணக்கிலும் வரலாம். குடும்பம் இடம்பெயரவில்லை, மேலிடம்தான் மாறியது.

அதற்கு எதிர்த் திசையிலும் ஒரு பெயர்ச்சி உண்டு. ஆலயத்தில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர், வேப்பேரிச் சபைகளில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு ஜெர்மானிய லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷன் வந்து, இந்த விஷயத்தில் அத்தனை கண்டிப்புக் காட்டாதபோது, ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) சபைகளிலிருந்து பலர் லுத்தரன் பக்கம் வந்தார்கள். ஒரு குடும்பத்தின் பெயர் ஆங்கிலிக்கன் ஏட்டில் திடீரென நின்றுபோனால் ஊரில் கொள்ளை நோயா என்று தேடுவதற்கு முன், பக்கத்து லுத்தரன் ஏட்டைப் பார்த்துவிட வேண்டும். இதைச் சபை வரலாறுகள் நாசூக்காகத் தவிர்த்துவிடும், ஏடுகள் தவிர்ப்பதில்லை. 18ஆம் நூற்றாண்டு அறிக்கைகளிலேயே சபையாரைச் சாதி வாரியாகப் பிரித்துச் சொல்வதைக் காணலாம். பெரும் செல்வாக்கோடு உழைத்த உபதேசியார் ராஜநாயக்கன் போதகராக அபிஷேகம் பெறாமலே போனதற்கும் சாதியே தடை.

1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் நிகோபார் தவிர்ந்த தன் மற்ற இந்தியக் குடியேற்றங்களையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றது. நிர்வாகக் காகிதங்களில் ஒரு பகுதி கோபன்ஹேகனுக்குப் போனது. ஒரு பகுதி சென்னையில் தங்கி, இன்று எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டேனிஷ் ஆவணங்கள் என்ற பிரிவாக இருக்கிறது. சீயோன் ஆலயம் ஆங்கிலிக்கன் வழிக்குப் போனது. புது எருசலேம் ஆலயம் மிஷன் சொத்தாக நின்று, 1840களில் லைப்சிக் மிஷன் கைக்கு வந்தது. அதிலிருந்து 1914 வரை கணக்கு ஒப்புவித்த இடம் லைப்சிக். அந்த மிஷனின் ஆவணங்கள் இப்போது ஹாலேயிலுள்ள பிராங்கே நிறுவனங்களின் காப்பகத்திலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. தேடுகிறவருக்கு ஒரு பயணச் செலவு மிச்சம். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் போதகர்கள் வெளியேற்றப்பட்டதும் பொறுப்பைச் சுவீடன் திருச்சபை மிஷன் ஏற்றது. அதன் கடிதங்களைத் தேட வேண்டிய ஊர் உப்சாலா. 1919 ஜனவரி 14இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக உருவானது. பேராயரின் பட்டம் தரங்கம்பாடிப் பேராயர் என்றாலும் தலைமையகம் திருச்சிராப்பள்ளியில், தரங்கம்பாடி இல்லம் என்ற பெயரில் இருக்கிறது. சொத்து, நியமனம், சபை சங்கத் தீர்மானம் சம்பந்தப்பட்டவற்றுக்கு அங்கேதான் போக வேண்டும். சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியிலும் பழைய அச்சு நூல்களும் மிஷன் காகிதங்களும் உள்ளன.

தேடும் வரிசை

பின்னிருந்து முன்னோக்கிப் போவதே பத்திரம். குடும்பத்தில் இருக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் அட்டை, திருமணச் சான்றிதழ் ஆகியவற்றிலிருந்து ஊர், போதகர் பெயர், பதிவு எண் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவு எண் இல்லாமல் ஐயரிடம் போனால் அவர் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும். எந்த ஏடும் அதைத் தாங்காது. திருமணத்துக்கு ஒரு வசதி உண்டு: 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி சபை ஏட்டில் பதிவதோடு ஒரு படி அரசுப் பதிவாளருக்கும் போக வேண்டும். சபை ஏடு சேதமாகியிருந்தால் அந்தப் படியைக் கேட்கலாம். ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் இந்த வழி கிடையாது.

இன்னொரு தவறு, ஊர்ப் பெயரை மட்டும் நம்புவது. பொறையாரில் பெத்லகேம் ஆலயம் தனியே இருந்தது. "தரங்கம்பாடிச் சபை" என்று குடும்பத்தில் சொல்லிவருவது பல சமயம் அதுவாக இருக்கும். தரங்கம்பாடிக்குள்ளேயே தமிழ்ச் சபை, போர்த்துக்கீசச் சபை என்று இரண்டு. ஆராதனையும் இரு மொழியில் நடந்தது. போர்த்துக்கீசப் பெயர் இருந்தால் கலப்பு வம்சம் என்று முடிவு கட்டக் கூடாது. 1741இல் போதகராக அபிஷேகம் பெற்ற தியோகு தமிழர்தான்.

பெயர் மாற்றம் வேறு. கடலூரில் பிறந்த ஆறுமுகம் 1718இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733 டிசம்பர் 28இல் முதல் தமிழ்ப் புரொட்டஸ்டன்ட் போதகர் ஆனார். அதற்குப் பிந்திய காகிதம் அனைத்திலும் ஆரோன்தான். பழைய பெயரைத் தேடினால் ஞானஸ்நானத்தை ஒட்டிய ஒன்றிரண்டு பக்கங்களில் மட்டுமே அகப்படும். எனவே பெயர் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளாமல், பெயரோடு ஊர், தகப்பன், ஞானத் தகப்பன் எனக் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் ஆளை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஹாலேக் காப்பகத்துக்கு எழுதும்போது முழுக் குறியீட்டைத் தர வேண்டும். காப்பகத்தின் சுருக்கம், மிஷனைக் குறிக்கும் 'எம்', பிறகு ஓர் எண், ஓர் எழுத்து, கட்டு எண், முக்காற்புள்ளி (:), அதன்பின் உருப்படி எண் என்று அது வரும். முக்காற்புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணை விட்டுவிட்டால் ஒரு கடிதத்துக்குப் பதில் ஒரு கட்டு முழுவதையும் கேட்டதாகும்.

தேதி

தடுமாற்றம் அதிகம் வருவது இங்கேதான். டென்மார்க்கும் ஜெர்மானியப் புரொட்டஸ்டன்ட் நாடுகளும் 1700இலேயே புதிய (கிரிகோரியன்) நாட்காட்டிக்கு மாறிவிட்டன. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். போதாததற்கு, இங்கிலாந்தில் அதுவரை ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். சீகன்பால்க் இறந்தது தரங்கம்பாடியில் 1719 பிப்ரவரி 23. அதே நாளை ஆங்கிலேயர் 1718 பிப்ரவரி 12 என்று எழுதுவார்கள். இரண்டும் சரி. 1728 முதல் மிஷனரி பெஞ்சமின் சூல்சே சென்னையில் எஸ்.பி.சி.கே. பணத்தில் ஊழியம் செய்தபோது இந்தச் சிக்கல் ஒரே மிஷனின் கடிதப் போக்குவரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் பழையதா புதியதா என்று குறித்துக்கொள்ளாமல் அட்டவணை போட்டால், பதில் கடிதம் கேள்விக்கு முன்னால் வந்து நிற்கும்.

தேதிக்குப் பதில் "திரித்துவ ஞாயிறுக்குப் பின்வரும் 10ஆம் ஞாயிறு" என்று மட்டும் இருந்தால் அந்த ஆண்டின் உயிர்த்தெழுந்த திருநாளைக் கண்டுபிடித்து 56 நாள் கூட்டித் திரித்துவ ஞாயிறை எடுத்து, அங்கிருந்து வாரம் எண்ண வேண்டும். 1724, 1744 ஆகிய இரண்டு ஆண்டுகளில் எச்சரிக்கை தேவை. ஜெர்மானியப் புரொட்டஸ்டன்டுகள் வானியல் கணக்குப்படி அந்த ஆண்டுகளில் கத்தோலிக்கருக்கு ஒரு வாரம் முன்பே திருநாள் கொண்டாடினார்கள். 1724இல் அவர்களுக்கு ஏப்ரல் 9, கத்தோலிக்கருக்கு ஏப்ரல் 16. இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்கள் இரண்டாவதைத்தான் கொடுக்கும்.

ஓலையிலும் தமிழ்க் குறிப்புகளிலும் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் மட்டும் இருக்கும். விளம்பி என்றால் 1718ஆ, 1778ஆ, 1838ஆ? போதகர் பெயரோ உபதேசியார் பெயரோ இருந்தால் ஒன்றைத் தவிர மற்றவை விலகிவிடும். மாதக் கணக்கில் இன்றைய பஞ்சாங்கத்தை அப்படியே வைக்கக் கூடாது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சித்திரை முதல் தேதி ஏப்ரல் 9, 10ஐ ஒட்டி வந்தது. ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௸ மேற்படி. இந்த நான்கு குறிகளும் ௰, ௱, ௲ என்ற எண்களும் தெரிந்தாலே பாதி ஓலை திறந்துவிடும். ஓலையில் புள்ளி இருக்காது, ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பு வேறுபாடு இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். தேவசகாயம் என்ற பெயர் 'தெவசகாயம' என்றுதான் நிற்கும்.

ஜெர்மன் கையெழுத்துக்கு ஒரு குறுக்கு வழி. வாசகம் முழுவதும் கூரிய கோடுகளாலான பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கும். அதில் 'ஈ'யும் (e) 'என்'னும் (n) பிரித்தறிய முடியாத இரட்டையர். ஆனால் வேற்றுமொழிப் பெயர்களை வட்டமான லத்தீன் எழுத்தில் எழுதுவது வழக்கம். பக்கத்தில் வட்ட எழுத்து தெரியும் இடங்களை மட்டும் முதலில் பார்த்தால் ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் அகப்படும். வாசிக்கும்போது 'டபிள்யூ' என்பது வ, 'ஜே' பெரும்பாலும் ய, 'டி-எஸ்-சி-எச்' நான்கும் சேர்ந்தால் ச.

கணக்கு ஏட்டில் 'பணம்' என்ற ஒரே சொல் இரண்டு மதிப்பில் வரும். தரங்கம்பாடியில் 80 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். சென்னையிலும் 80 காசு ஒரு பணம்தான்; ஆனால் 42 பணம் ஒரு வராகன், மூன்றரை ரூபாய் ஒரு வராகன் என்பதால் ரூபாய்க்கு 12 பணம். உபதேசியார் சம்பளத்தை இரண்டு ஊருக்கும் ஒப்பிட்டு எழுதும்போது இதைக் கவனிக்காவிட்டால் தரங்கம்பாடியார் ஏழையாகத் தெரிவார்.

இப்போது ஆலயத்தில் இருக்கும் ஏடுகள்

இராஜ வீதி கடலிலிருந்து எட்டாத தூரமல்ல. 1306இல் கட்டப்பட்ட மாசிலாமணி நாதர் கோயிலின் பெரும் பகுதியைக் கடல் தின்றிருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் ஊருக்குள் தண்ணீர் வந்தது. ஏட்டு அலமாரி தரையைத் தொட்டுக்கொண்டு, வெளிச்சுவரில் ஒட்டி இருக்கக் கூடாது. அரை அடியாவது உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி விட வேண்டும். ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு என்று புத்தகம் சொல்லும். கடற்கரை ஊரில் குளிரூட்டி வைத்துப் பகலில் ஓட்டி இரவில் நிறுத்தினால், ஏற்ற இறக்கத்தால் தாள் இன்னும் சீக்கிரம் கெடும். அதைவிட நிழலும் காற்றோட்டமும் மேல்.

பழைய இரும்பு மை தாளை அரிக்கும். எழுத்து இருக்கும் இடமெல்லாம் பழுப்பேறி, கடைசியில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டை விழும். இப்படிப்பட்ட பக்கத்தில் தண்ணீர்ப் பசை படக் கூடாது. ஈரம் மையிலுள்ள அமிலத்தைச் சுற்றிலும் பரப்பிவிடும். ஒட்டு நாடா அதைவிடக் கேடு. சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், நாடா மட்டும் உதிர்ந்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்டு இஸ்திரி போடுவதுபோல் ஒட்டும் லாமினேஷன் செய்த சான்றிதழைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து தட்டின் ஓரத்தில் வைக்கலாம், தாளின்மேல் தூவக் கூடாது.

படமெடுக்கும்போது கைபேசியே போதும், ஆனால் தாளுக்கு நேர் மேலே தாங்கியில் நிறுத்தி, பக்கத்தில் அளவுகோல் தெரிய, பளிச்சொளி இல்லாமல் எடுக்க வேண்டும். வருடியில் (ஸ்கேனர்) என்றால் அங்குலத்துக்கு 300 முதல் 400 புள்ளி அடர்த்தி. ஏட்டை வருடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு பிளக்கும். வெற்றுப் பக்கத்தையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் பக்கம் காணாமல் போனதா, படமெடுக்க மறந்ததா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. அட்டையின் உட்பக்கத்தைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். போதகர் மாறிய தேதி, ஏடு கைமாறிய கையெழுத்து, எண்ணிப் பார்த்த பக்கத் தொகை எல்லாம் எழுதப்படுவது அங்கேதான்.

கோப்புக்கு 'படம் 1', 'படம் 2' என்று பெயர் வைக்காமல் ஆலயம், ஏட்டு வகை, தொடக்க ஆண்டு, பக்க எண் என்ற வரிசையில் வைத்து, ஒரு படி ஆலயத்திலும் ஒன்று திருச்சித் தலைமையகத்திலும் இன்னொன்று கடற்கரையிலிருந்து தள்ளி வேறு ஊரிலும் இருக்கச் செய்ய வேண்டும். உயிரோடிருப்பவர்களின் பிறப்பு, தத்து, ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்புகள் உள்ள பக்கங்களைத் தனி உறையில் பூட்டி, போதகரின் எழுத்து அனுமதி இல்லாமல் திறக்கக் கூடாது என்று மேலே எழுதிவிட வேண்டும்.